ஒரு மூடி 2டி ஆயிலும் ஒரு டேங்க் நம்பிக்கையும்

டீசல் கார் ஓட்டுபவர்களில் இரண்டு ரகம் உண்டு. பங்க்கில் டீசல் போட்டுவிட்டு பில்லை வாங்கிக்கொண்டு கிளம்புபவர்கள் முதல் ரகம். வண்டியை நிறுத்தியதும் இறங்கி, டிக்கியைத் திறந்து, பழைய தண்ணீர் பாட்டிலில் கோடு போட்டு அளந்து வைத்திருக்கும் ஒரு திரவத்தை டேங்கில் கவிழ்த்துவிட்டு, அதன் பிறகு "ஃபுல் பண்ணுங்க" என்று சொல்பவர்கள் இரண்டாவது ரகம். அந்தத் திரவம் 2டி ஆயில். ஆர்எக்ஸ் 100க்கும் பஜாஜ் சேத்தக்குக்கும் பழைய ஆட்டோவுக்கும் பெட்ரோலில் கலந்து ஊற்றினார்களே, அதே டூ-ஸ்ட்ரோக் ஆயில்தான். கணக்கு 200க்கு 1. அதாவது 40 லிட்டர் டேங்க்குக்கு 200 மில்லி. ஏன் 100க்கு 1 இல்லை, 500க்கு 1 இல்லை என்று கேட்டால் பதில் வராது. அது அப்படித்தான். அருகம்புல் சாறு அரை டம்ளர் என்கிற மாதிரி.

ஏன் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு மெக்கானிக் வருவார். "சார், இப்ப வர்ற டீசல் வெறும் தண்ணி சார். சல்ஃபரை எல்லாம் உருவிட்டான். பம்ப்புக்கு வழவழப்பே கிடையாது. ஃபுல் டேங்க்குக்கு இருநூறு மில்லி 2டி ஊத்துங்க, நாசிலு, பம்ப்பு எதுலயும் பத்து வருஷத்துக்குக் கை வைக்க வேணாம்." பம்ப் தேயாது, சத்தம் குறையும், மைலேஜ் ஏறும், புகை குறையும், இன்ஜெக்டர் சுத்தமாகும். ஒரே மருந்தில் ஐந்து வியாதி குணமாகும் என்றால் அதற்குப் பெயர் மருந்தா, பஸ் ஸ்டாண்டில் விற்கிற லேகியமா?

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதில் ஒரு பாதி உண்மை ஒளிந்திருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் இந்தப் பழக்கத்துக்கு இத்தனை ஆயுளைக் கொடுத்திருக்கிறது. ஜெர்மனியிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூட இதே வைத்தியம், இதே 200க்கு 1 கணக்கோடு நடக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனவே முதலில் அந்த உண்மையை மரியாதையாக எடுத்து வெளியே வைத்துவிடுவது நல்லது.

காருக்குள் இருக்கும் டீசல் பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. அதன் வழியே ஓடுகிற டீசலே அதற்கு உயவு எண்ணெய். பெட்ரோல் இதற்கு லாயக்கில்லை. அதனால்தான் டீசல் வண்டியில் தவறிப்போய் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைத் தொடாதே என்று அலறுகிறார்கள். டீசலில் இயற்கையாகவே கொஞ்சம் வழவழப்பு உண்டு. சல்ஃபரை நீக்குவதற்காக ரிஃபைனரியில் ஹைட்ரஜனோடு சேர்த்து அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் டீசலைப் பதப்படுத்துகிறார்கள். அப்போது சல்ஃபரோடு சேர்ந்து உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ள ஆக்ஸிஜன், நைட்ரஜன் சேர்மங்களும் போய்விடுகின்றன. வழவழப்பைத் தந்தவை அவைதான். (சல்ஃபரே வழவழப்பு என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சல்ஃபர் பாவம், கூடப் போனவர்களோடு சேர்ந்து பெயர் வாங்கியது.)

இதன் விலையை முதலில் கொடுத்தது ஸ்வீடன். 1991ல் அங்கே சல்ஃபர் 10 பிபிஎம் மட்டுமே உள்ள டீசலுக்கு வரிச்சலுகை கொடுத்தார்கள். காற்று சுத்தமாகும் என்று ஊரே சந்தோஷப்பட்டது. கொஞ்ச நாளில் வண்டிகளில் டீசல் பம்ப்புகள் வரிசையாகத் தேய்ந்து போக ஆரம்பித்தன. மெக்கானிக் சொல்கிற கதை அப்படியே நடந்தது. இதுவரைக்கும் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

அதற்கு அடுத்து என்ன நடந்தது என்பதைத்தான் அவர் சொல்வதில்லை. ஸ்வீடனில் யாரும் டிக்கியில் பாட்டிலோடு அலையவில்லை. ரிஃபைனரியே டீசலில் வழவழப்புச் சேர்மானம் கலக்க ஆரம்பித்தது. கொழுப்பு அமிலங்கள், அவற்றின் எஸ்டர்கள் போன்ற சமாச்சாரங்கள். பத்து லட்சம் பங்கு டீசலில் சில நூறு பங்கு போதும். டீசலின் வழவழப்பை அளக்க ஒரு பரிசோதனையும் தரமாக வந்தது. பெயர் எச்எஃப்ஆர்ஆர். வாயில் நுழையாத பெயர், ஆனால் காரியம் ரொம்ப எளிது. 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றை, 200 கிராம் சுமையோடு, 60 டிகிரி சூட்டில் இருக்கும் டீசலுக்குள் மூழ்கிய ஒரு தகட்டின் மேல் வைத்து, விநாடிக்கு 50 முறை என்ற கணக்கில் 75 நிமிஷம் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டியது. கடைசியில் குண்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, தேய்ந்த தழும்பு எத்தனை மைக்ரான் என்று அளக்க வேண்டியது. தழும்பு சின்னதாக இருந்தால் டீசலில் வழவழப்பு இருக்கிறது, பெரிதாக இருந்தால் இல்லை. ஐரோப்பியத் தரத்தில் 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது.

இந்தியாவில்? இங்கேயும் அதே 460தான். பிஎஸ் 4 டீசலுக்கும் அதுதான், பிஎஸ் 6 டீசலுக்கும் அதுதான். சல்ஃபர் அளவு பிஎஸ் 2ல் 500 பிபிஎம், பிஎஸ் 3ல் 350, பிஎஸ் 4ல் 50 என்று இறங்கி, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 வந்தபோது 10 ஆனது. சல்ஃபர் இறங்கியது உண்மை. வழவழப்புக்கான வரம்பு தளரவில்லை என்பதும் உண்மை. மணலியில் இருக்கும் ரிஃபைனரியிலிருந்து டீசல் வெளியே வரவேண்டுமானால் இந்த வரம்புக்குள் இருந்தாக வேண்டும். "சல்ஃபரை எடுத்துட்டான்" என்பவர்கள், அதற்குப் பதிலாக என்ன போட்டான் என்ற அடுத்த வரியைப் படிக்காமலேயே புத்தகத்தை மூடிவிட்டார்கள். 1991ல் ஸ்வீடனில் வந்த வியாதிக்கு, 2020க்குப் பிறகும் செங்கல்பட்டில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் 2டி கட்சிக்காரர்கள் ஒரு துருப்புச்சீட்டை இறக்குவார்கள். 2007ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனை. கடையில் கிடைக்கும் டீசல் சேர்மானங்களை எல்லாம் வாங்கி, அதே எச்எஃப்ஆர்ஆர் முறையில் சோதித்துப் பட்டியல் போட்டார்கள். அதில் 200க்கு 1 கணக்கில் 2டி ஆயிலும் இருந்தது. வெறும் டீசலில் தழும்பு 636 மைக்ரான். 2டி ஆயில் கலந்ததும் 474. "பாத்தீங்களா, 162 மைக்ரான் குறைஞ்சிருக்கு!" என்று சட்டைக்காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள்.

பார்ப்போமே. அந்த 636 எந்த டீசலின் எண்? ரிஃபைனரியில் எந்த வழவழப்புச் சேர்மானமும் சேர்க்காத பச்சை டீசல். சோதனைக்காக வேண்டுமென்றே அப்படி எடுத்தது. அந்த நிலையில் எந்த பங்க்கிலும் டீசல் விற்க முடியாது. அமெரிக்காவில் கூட 520தான் வரம்பு. அந்தப் பச்சை டீசலில் 2டி ஆயிலை ஊற்றிக் கஷ்டப்பட்டு எங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்? 474ல். இந்தியாவில் பங்க்குக்கு வரும் டீசலுக்கு வரம்பே 460. அதாவது இவர்களின் துருப்புச்சீட்டின்படியே, 2டி ஆயில் தன் முழு பலத்தையும் காட்டிய பிறகும், இங்கே வெறுமனே விற்கப்பட வேண்டிய டீசலின் தரத்தைக் கூட எட்டவில்லை. அதே பட்டியலில் 2 சதவீதம் சோயா பயோடீசல் கலந்த டீசலுக்கு 221 வந்தது. பழைய இன்ஜின் ஆயிலை வடிகட்டி ஊற்றினால் போதும் என்று இன்னொரு கோஷ்டி அலைகிறதே, அதற்கு 634. இரண்டே மைக்ரான் லாபம்! காசு கொடுத்து வாங்கிய சில சரக்குகள் 636ஐ விட மோசமான எண்ணைக் கொடுத்தன. தங்களுக்கு எதிரான சாட்சியையே கையில் எடுத்துக்கொண்டு ஊர்வலம் போகிறவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

அமெரிக்காவில் பாஷ் கம்பெனியின் சிபி4 பம்ப் உடைந்து, உலோகத் தூள் டேங்க் வரை பரவி, வழக்குகள் வரை போனதே என்று சிலர் இழுப்பார்கள். நடந்தது உண்மை. அந்த பம்ப் அமெரிக்க டீசலுக்குப் பொருந்தாதது என்பதுதான் வழக்குப் போட்டவர்களின் வாதம். ஐரோப்பாவின் 460க்கும் அமெரிக்காவின் 520க்கும் உள்ள வித்தியாசம் அங்கே பேசுபொருளானது. அந்தப் பயத்தை, வரம்பு 460 ஆக இருக்கும் ஊருக்கு அப்படியே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது யார் என்றுதான் தெரியவில்லை.

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருடைய அனுபவம் வேறு இயந்திரங்களில் விளைந்தது. பழைய லாரிகளில் இருந்த இன்லைன் பம்ப்புக்கு இன்ஜின் ஆயிலே உயவாகப் போகும். டீசல் எப்படி இருந்தாலும் அது தாக்குப்பிடிக்கும். அடுத்து வந்த ரோட்டரி பம்ப்புகள் டீசலையே நம்பியவை, ஆனாலும் ஓரளவுக்கு முரட்டுப் பிள்ளைகள். காமன் ரெயில் வந்ததும் கதையே மாறிவிட்டது. 1,300 பார் முதல் 2,000 பார் வரை அழுத்தம். இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்கள்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதில் இருபதில் ஒரு பங்கு கூட வராது. ஒரு அடைப்புக்கே ஒரே சுழற்சியில் பலமுறை கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு டீசலைத் தெளிக்கிறது. இந்த நுணுக்கத்துக்குள் ஸ்கூட்டர் ஆயிலைக் கவிழ்ப்பது, கைக்கடிகாரத்துக்குள் விளக்கெண்ணெய் விடுகிற மாதிரி.

இன்ஜெக்டருக்குள்ளேயே படிகிற மெல்லிய படிவு ஒன்று காமன் ரெயில் வண்டிகளின் தனி வியாதி. டீசலில் சேரும் பலவகை வேதிப்பொருட்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து, ஊசியின் மேல் வார்னிஷ் மாதிரிப் படியும். ஊசி லேசாக ஒட்டிக்கொண்டாலும் போச்சு. ரிஃபைனரிகள் தங்கள் சேர்மானங்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றனவா என்று சோதித்துப் பார்த்துத்தான் கலக்கின்றன. 2டி ஆயிலில் பாலிஐசோபியூட்டீன் இருக்கலாம், அழுக்கைப் பிரிக்கும் வேதிப்பொருள் இருக்கும், சாயம் இருக்கும். இவையெல்லாம் பெட்ரோலில் எரிவதற்காகக் கணக்கிட்டுச் சேர்த்தவை. டீசலில் ஏற்கனவே இருக்கும் சேர்மானங்களோடு இவை எப்படிப் பழகும் என்று அந்த ஆயிலைத் தயாரித்தவரே சோதித்திருக்க மாட்டார். அவர் டப்பாவில் டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் வண்டிக்கு என்றுதானே எழுதியிருக்கிறார்? இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2டி ஆயில் பெட்ரோலில் சீக்கிரம் கரைய வேண்டும் என்பதற்காக அதில் கரைப்பான் சேர்ப்பது வழக்கம். பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைச் சரக்கு. பங்க்காரன் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கிறான் என்று பயந்து 2டி ஆயில் ஊற்றுபவர், தன் கையாலேயே இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெயைக் கலக்கிறார் :)

சரி, மைலேஜ்? "18 கொடுத்த வண்டி 2டி ஊத்தின பிறகு 19 கொடுக்குது" என்பது எல்லோரும் சொல்லும் வாக்குமூலம். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. அளக்கும் விதத்தில் கோளாறு. ஃபுல் டேங்க் போட்டு, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் போட்டு, கிலோமீட்டரை லிட்டரால் வகுப்பதுதான் வழக்கம். நாசில் தானாக நிற்கும் இடம் பங்க்குக்கு பங்க் மாறும். நுரை அடங்கும் வரை காத்திருந்து இன்னும் ஒரு லிட்டர் திணிப்பவரும் உண்டு. 40 லிட்டரில் இரண்டு லிட்டர் முன்னே பின்னே ஆனாலே நூற்றுக்கு 5 பிழை. 18க்கும் 19க்கும் வித்தியாசம் ஐந்தரை சதவீதம்தான். ஆயில் ஊற்றிய மனுஷன் அந்த வாரம் முழுக்க ஆக்ஸிலரேட்டரை எப்படித் தொடுவார் என்பது வேறு இருக்கிறது. மைலேஜ் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுபவருக்கு 2டி ஆயிலுக்குப் பதில் தாமிரபரணித் தண்ணீரை மோந்து காட்டினாலும் மைலேஜ் ஏறும்.

சத்தமும் அப்படித்தான். "இன்ஜின் ஸ்மூத்தாயிடுச்சு" என்பதற்கு எந்தக் கருவியும் கிடையாது, காதுதான். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை என்றால் வழி இருக்கிறது. வீட்டில் இன்னொருவரிடம் பாட்டிலைக் கொடுத்து, பத்து டேங்க்கில் ஏதோ ஐந்தில் மட்டும், எந்த ஐந்து என்று சொல்லாமல் ஊற்றச் சொல்ல வேண்டும். ஓட்டுபவர் ஒவ்வொரு டேங்க்குக்கும் சத்தம் எப்படி, மைலேஜ் எப்படி என்று குறித்து வைக்க வேண்டும். கடைசியில் இரண்டு பட்டியலையும் ஒப்பிட வேண்டும். இதற்கு ரூபாய் செலவில்லை, லேப் தேவையில்லை. புகை குறைந்ததா என்பதற்கும் இப்படிக் காதையும் கண்ணையும் நம்ப வேண்டாம், புகைச் சான்றிதழ் எடுக்கும்போது கிடைக்கும் எண்ணைக் குறித்துவைத்தால் போதும். இத்தனை வருஷமாக 2டி ஊற்றுகிற இத்தனை பேரில் இந்தக் கண்கட்டுச் சோதனையைச் செய்துவிட்டுப் பேசுகிறவர் ஒருவர் கூட எதிர்ப்படுவதில்லை. செய்தால் வருகிற பதில் பிடிக்காமல் போய்விடுமோ என்னவோ.

"ஊத்துறவன் வண்டி எதுவும் நின்னு போகலையே?" நியாயமான கேள்வி. 2007லிருந்து விற்ற ஸ்விஃப்ட் டீசல் மாதிரியான பழைய வண்டிகளில், சைலன்சரில் பெரிய வடிகட்டி ஏதும் இல்லாத காலத்துச் சரக்கில், நூற்றுக்கு அரைப் பங்கு ஆயில் உடனடியாகப் பெரிய கெடுதல் செய்துவிடாது. டீசல் அதையும் சேர்த்து எரித்துத் தள்ளிவிடும். ஆனால் கெடுதல் வரவில்லை என்பது நல்லது நடந்ததற்குச் சாட்சி ஆகாது. தாயத்து கட்டியவனும் உயிரோடுதான் இருக்கிறான், கட்டாதவனும் உயிரோடுதான் இருக்கிறான்.

பிஎஸ் 6 வண்டியில் விஷயம் இத்தனை சாதுவாக இல்லை. அதில் டிபிஎஃப் என்று ஒரு புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. இன்ஜின் கக்கும் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துவிடும். கரி எரியும். சாம்பல் எரியாது. ஆயிலில் இருக்கும் கால்சியம் மாதிரி உலோகங்களிலிருந்து வருகிற சாம்பல் உள்ளே போனால் போனதுதான். வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும். அதனால்தான் இந்த வண்டிகளுக்கு சாம்பல் குறைவான இன்ஜின் ஆயிலை, கூடுதல் விலை கொடுத்து, பார்த்துப் பார்த்து ஊற்றச் சொல்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 20 என்றால் 750 லிட்டர் டீசல். 200க்கு 1 கணக்கில் மூன்றே முக்கால் லிட்டர் 2டி ஆயில், எடையில் சுமார் 3.3 கிலோ. ஜாசோ எஃப்சி தரத்தில் 2டி ஆயிலுக்கு அனுமதிக்கப்பட்ட சாம்பல் 0.25 சதவீதம் வரை. ஆக வருஷத்துக்கு எட்டு கிராம் வரை சாம்பல், நேராக வடிகட்டிக்கு. எதிர்ப்பக்கம் பார்த்தால், இன்ஜின் வருஷத்துக்கு அரை லிட்டர் இன்ஜின் ஆயிலைத் தின்றாலும், 0.8 சதவீதச் சாம்பல் உள்ள நல்ல ஆயிலில் அது மூன்றரை கிராம்தான். மூன்றரை கிராமைக் குறைக்க ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆயில் வாங்கிவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து எட்டு கிராமை ஊற்றுவதற்கு என்ன பெயர் வைப்பது? டிசி-டபிள்யூ3 என்ற படகு இன்ஜின் ஆயில் சாம்பல் விடாது, அதை ஊற்றலாமே என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். சாம்பல் விடாது, சரிதான். அதை ஊற்றி என்ன கிடைக்கும் என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறதே. வாரன்டி இருக்கும் வண்டி என்றால் டேங்கில் வேறு எதையும் சேர்க்காதே என்று சொல்லும் கையேட்டின் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிவிடுவது உத்தமம். பழுது என்று போய் நிற்கும்போது சர்வீஸ் சென்டர்காரர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்.

இவ்வளவையும் விடக் கோபம் வர வேண்டிய இடம் வேறொன்று. டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் இந்த ஊரில் கெட்டுப்போகாமல் இல்லை. கெட்டுப்போகின்றன. லோன் போட்டு வாங்கிய வண்டியைக் கால் டாக்சி ஓட்டுபவருக்கு நாலு இன்ஜெக்டர் ஒரு நாளில் போனால், அந்த மாத இஎம்ஐ போச்சு, அடுத்த மாத இஎம்ஐயும் போச்சு. அந்தப் பயம் பொய்யில்லை. அந்தப் பயத்துக்குக் காரணமானவர்களை விட்டுவிட்டு டீசலின் சல்ஃபரைப் பிடித்துத் தொங்குவதுதான் பொய்.

காரணம் யார்? ஒன்று கலப்படம். இரண்டாயிரங்களின் நடுவில் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் ஒன்பது ரூபாய்ச் சொச்சம், டீசல் முப்பதுக்கு மேல். நடுவில் இருக்கும் இருபது ரூபாய்க்கு ஒரு சாம்ராஜ்யமே ஓடியது. மண்ணெண்ணெய் டீசலை விட நீர்த்தது, வழவழப்பு குறைந்தது. ரிஃபைனரி பார்த்துப் பார்த்துக் கலந்த சேர்மானத்தை நடுவழியில் நீர்த்துப்போக வைத்தது அந்த சாம்ராஜ்யம்தான். அதைத் தட்டிக்கேட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதும் ஊரறிந்தது. 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்பட பங்க்குக்கு எதிராக நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகத்தைச் சுட்டுக் கொன்றார்கள். ஐஐஎம் லக்னோவில் படித்த இளைஞர், வயது 27. 2011 ஜனவரியில் மகாராஷ்டிராவின் மன்மாட் அருகே, எண்ணெய்த் திருட்டையும் கலப்படத்தையும் நேரில் பிடிக்கப் போன கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோடு எரித்தார்கள். மண்ணெண்ணெயில் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் மார்க்கர் ஒன்றை 2006ல் அரசாங்கம் கொண்டுவந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் அதையும் கைவிட்டார்கள்.

மனுஷன் உயிரைக் கொடுத்து எதிர்த்த ஒரு திருட்டுக்கு, டிக்கியில் ஒரு பாட்டில் வைத்துக்கொள்வதுதான் பதிலா? 2டி ஊற்றுபவர்களில் பாதிப் பேர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்: "பங்க்ல என்ன கலக்குறானோ தெரியாது சார், ஒரு பாதுகாப்புக்கு." கலக்கிறான் என்று சந்தேகம் இருக்கிறது, ஆனால் அவனிடம் கேட்கக் கூச்சம். டேங்க் மூடியிடம் கூச்சம் இல்லை. இதனால் கலக்குபவனுக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. வாடிக்கையாளர் தன் செலவிலேயே பரிகாரம் செய்துகொள்கிறாரே, அவனுக்கு வேறென்ன வேண்டும்!

பங்க்கில் ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர், ஜாடி எல்லாம் இருக்க வேண்டும். டேங்கர் வந்தபோது குறித்த டீசல் அடர்த்தியின் பதிவேடும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அடர்த்தியை அளந்து காட்ட வேண்டும் என்பது விதி. 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்குப் போட்டபின், பதிவேட்டு எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகம். (வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனை பெட்ரோலுக்குத்தான், டீசலுக்கு உதவாது.) இது எல்லாத் திருடனையும் பிடித்துவிடும் என்று இல்லை. டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அடர்த்தி வித்தியாசம் சுமார் 30 என்று கொண்டால், நூற்றுக்குப் பத்துக்கு மேல் கலந்தால்தான் இந்த வலையில் விழும். ஆனாலும் நாளைக்கு ஐந்து பேர் ஜாடியைக் கேட்கிற பங்க்கில் கலக்குவதற்கும், யாருமே கேட்காத பங்க்கில் கலக்குவதற்கும் ரொம்ப தூரம் இருக்கிறது. சந்தேகம் வலுவாக இருந்தால் ஆயில் கம்பெனியின் புகார் எண் பங்க்கிலேயே எழுதி இருக்கும். அதை விட்டு பங்க்கை மாற்றினாலும் சரிதான்.

இரண்டாவது காரணத்துக்கு வில்லன் கூடக் கிடையாது. தண்ணீரும் ஃபில்டரும்தான். தரைக்கடியில் இருக்கும் பங்க் டேங்கில் மழைக்காலத்தில் இறங்கும் நீர், கார் டேங்கின் காலி இடத்தில் இரவில் வியர்க்கும் நீர் எல்லாம் டீசலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது காமன் ரெயில் பம்ப்புக்குள் போனால் துருப்பிடிக்கும், அரிக்கும். அதைத் தடுக்கத்தான் டீசல் ஃபில்டர், நீரைப் பிரிக்கும் கிண்ணம், டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு. 2டி ஆயிலுக்கு லிட்டர் நானூறு ரூபாய் என்று வைத்தால், முன்பு போட்ட கணக்குப்படி வருஷத்துக்கு 1,500 ரூபாய். பல கார்களுக்கு ஒரு நல்ல கம்பெனி ஃபில்டர் அந்தக் காசுக்குள் வந்துவிடும். வருஷா வருஷம் ஃபில்டரை மாற்றினால் கம்பெனி சொன்னதை விடச் சீக்கிரமாகவே மாற்றியதாக ஆகும். ஆனால் ஃபில்டர் மாற்றியதைப் பற்றி டீக்கடையில் பெருமை பேச முடியாது, அதில் ரகசியம் எதுவும் இல்லை. 2டி ஆயிலில் ரகசியம் இருக்கிறது.

ஃபில்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கும் வண்டிகள் நிறைய உண்டு. மழைக்காலம் முடிந்து ஒரு காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் போதும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக, முத்து முத்தாக நிற்கும். 2டி ஆயில் ஊற்றிய வண்டியிலும் அது அப்படியேதான் நிற்கும்.